அப்பாவுக்கு ஒரு டிஸ்க் ப்ளேயர் வாங்கிய கதை

இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீ ஒண்ணு போட்டு வச்சிக்கிட்டு படிங்க.

1/
சுகர், பிரஷர், பாம்புக்கடின்னு எழுதிட்டு இருந்தவன் இன்னிக்கு டிஸ்க் ப்ளேயர் பத்தி எழுத வந்திருக்கேன். "டாக்டர், வீட்டுல படம் பார்க்க எந்த ப்ளேயர் வாங்கலாம்?"னு யாரும் என்னைக் கேக்கல. ஆனா நான் அதுல 22,000 ரூபாய்க்கு ஒரு தப்பு பண்ணேன். அந்தத் தப்புல இருந்து கத்துக்கிட்டதை உங்களுக்குச் சொல்லணும்னு தோணுது. கடைசியில உடம்பு பத்தியும் ஒரு விஷயம் இருக்கு. அதைப் படிக்காம போயிடாதீங்க.

2/
நான் ஆலங்காயத்துக்காரன். வாணியம்பாடிக்கும் ஜவ்வாது மலைக்கும் நடுவுல இருக்கிற ஊர். இங்கிருந்து மலை ஏறினா காவலூர், அதையும் தாண்டினா ஜமுனாமரத்தூர். படிச்சது எம்பிபிஎஸ், வேலை அரசு மருத்துவமனையில. ராத்திரி டூட்டி, பகல் டூட்டி, அவசரத்துக்கு இடையில டூட்டின்னு ஓடுற வாழ்க்கை.

3/
எங்க அப்பாவோட தொழில் படம் காட்டறது. தியேட்டர் முதலாளியான்னு கேக்காதீங்க. 90கள்ல "டிவி டெக் வாடகைக்கு"ன்னு போர்டு போட்ட கடை வச்சிருந்தார். காதுகுத்து, திருவிழா, காரியம், எதுவா இருந்தாலும் ராத்திரிக்கு ஒரு கலர் டிவி, ஒரு டெக், நாலு கேசட். கரண்ட் இல்லாத மலை ஊருக்குன்னா ஜெனரேட்டரும் சேர்த்து. விடிய விடிய படம் ஓடும். நான் டிவிக்குப் பின்னாடி சாக்கு மேல தூங்கி இருக்கேன்.

4/
காவலூர்ல இருக்கிற வைணு பாப்பு வானாய்வகம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-ல தொடங்கி வச்சது. அப்பா அந்தப் பக்கம் டெக் எடுத்துட்டுப் போகும்போதெல்லாம் சொல்லுவார்: "அவங்க மேல பார்க்கறாங்க, நாம கீழ காட்டறோம். ரெண்டு பேருக்கும் இருட்டுதான் மூலதனம்."

5/
அப்புறம் விசிடி வந்தது. கடை விசிடி கடையா மாறிச்சு. 2004-ல தமிழ்நாட்டுல குண்டர் சட்டத்துக்குள்ள திருட்டு வீடியோ விக்கிறவங்களையும் சேர்த்தாங்க. அப்பா அன்னிக்கே சொல்லிட்டார், ஒரிஜினல் மட்டும்தான் கடையில இருக்கும்னு. வியாபாரம் பாதியா குறைஞ்சது. 2007-ல மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் கொண்டு வந்தப்போ, "இனிமே திருட்டு டிஸ்க் எதுக்கு?"ன்னு சந்தோஷப்பட்ட ஒரே கடைக்காரர் அவர்தான்னு நினைக்கிறேன்.

6/
கடை மூடி பல வருஷம் ஆச்சு. ஆனா டிஸ்க் எதையும் அவர் விக்கல. நடு அறையில ஒரு மர அலமாரி. சுமார் நானூறு டிஸ்க். சிவாஜி ஒரு தட்டு, எம்ஜிஆர் ஒரு தட்டு, சாமி படம் தனி, இளையராஜா பாட்டுத் தொகுப்பு தனி. கண்ணை மூடிக்கிட்டு கை விட்டு எடுப்பார்.

7/
ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி. சாப்பிடும்போது அப்பாவுக்குப் பேச்சு குழறி இருக்கு. வலது கையில பிடிச்ச டம்ளர் நழுவி இருக்கு. அம்மா "களைப்பா இருக்கு போல, படுங்க"ன்னு படுக்க வச்சிருக்காங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி டூட்டி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பத்து நிமிஷ தூரம். அம்மா ஃபோன் பண்ணல. "டூட்டியில இருக்கான், தொந்தரவு பண்ண வேணாம்"னு நினைச்சிருக்காங்க.

8/
காலையில எட்டரைக்கு வீட்டுக்கு வந்து பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணி இருந்தது. வலது கை, கால் இழுத்து இருந்தது. "அப்பா"ன்னேன். என்னைப் பார்த்தார். புரிஞ்சது. பதில் சொல்ல முயற்சி பண்ணார். "ஆமா"ன்னு ஒரு வார்த்தை மட்டும் வந்தது.

பக்கவாதம். மூளையோட இடது பக்கம். பத்து மணி நேரத்துக்கு மேல ஆகி இருந்தது. கட்டியைக் கரைக்கிற ஊசிக்கான நேரம் தாண்டிடுச்சு.

9/
அந்த ராத்திரி நான் எத்தனை பேருக்கு பிரஷர் பார்த்தேன், எத்தனை பேருக்கு "பேச்சு குழறினா உடனே வாங்க"ன்னு சொன்னேன்னு கணக்கு இருக்கு. என் வீட்டுல ஒரு தடவை கூட உட்கார்ந்து சொன்னதில்ல. டாக்டர் வீடாச்சே, தெரிஞ்சிருக்கும்னு நினைச்சிட்டேன்.

10/
அப்பாவுக்கு வந்த பிரச்சனைக்குப் பேர் அஃபேசியா. 1861-ல பாரிஸ்ல பால் ப்ரோகான்னு ஒரு டாக்டர், "டான்" என்ற ஒரு ஒலியைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாத ஒரு நோயாளியைப் பத்தி எழுதினார். மூளையோட இடது முன்பகுதியில அடி பட்டிருந்தது. இந்த வகையில நோயாளிக்கு மத்தவங்க பேசறது ஓரளவு நல்லாவே புரியும். தனக்கு என்ன வேணும்னும் தெரியும். அதைச் சொல்ற வார்த்தை மட்டும் வராது. அந்த நோயாளிக்கு "டான்". எங்க அப்பாவுக்கு "ஆமா". வேணும்னாலும் ஆமா, வேணாம்னாலும் ஆமா.

11/
ஆறு மாசம் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி. குச்சி ஊன்றி நடக்க ஆரம்பிச்சார். ஆனா நாள் முழுக்க சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் என்ன பண்ணேன்? எல்லா மகன்களும் பண்றதைத்தான். பெரிய டிவி வாங்கி, ஓடிடி ரெண்டு போட்டு, "எந்தப் படம் வேணுமோ பாருங்கப்பா"ன்னேன்.

12/
கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க மக்களே. ஓடிடியில படம் பார்க்க என்ன செய்யணும்? பேரை டைப் பண்ணணும். இல்லன்னா வாயால சொல்லணும். படத்தோட பேரு வாயில வராத மனுஷன் எதை டைப் பண்ணுவார்? அஃபேசியாவில எழுத்தும் சேர்ந்துதான் அடிபடும். ரிமோட்டை இடது கையில வச்சிக்கிட்டு, ஓடுற கட்டங்களைப் பார்த்துட்டு, கடைசியில அம்மாகிட்ட நீட்டிடுவார். அம்மா ஏதோ சீரியல் போடுவாங்க.

13/
ஒரு நாள் அவர் எழுந்து போய் அலமாரி முன்னாடி நின்னார். இடது கையால ஒரு டிஸ்க்கை எடுத்தார். 'தில்லானா மோகனாம்பாள்'. என்கிட்ட நீட்டினார். "ஆமா"ன்னார்.

ஆறு மாசத்துல அவர் எனக்கு முதன்முதலா சொன்ன முழு வாக்கியம் அதுதான்.

14/
பேர் சொல்லத் தேவையில்ல. அட்டையில படம் இருக்கு. கையால எடுக்கலாம், நீட்டலாம், வேணாம்னா திருப்பி வைக்கலாம். அலமாரி அவருக்கு ஒரு வாய் மாதிரி. பேச்சுப் பயிற்சி கொடுக்கறவங்ககிட்ட சொன்னேன். "ரொம்ப நல்லது டாக்டர், ரெண்டு அட்டையைக் காட்டி இதா அதான்னு கேளுங்க. அவரை எடுக்க விடுங்க, நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க"ன்னாங்க.

பழைய ப்ளேயர் எப்பவோ செத்துப் போச்சு. புதுசு வாங்கணும். இங்கதான் என் தப்பு தொடங்குது.

15/
நான் என்ன வாங்கினேன் தெரியுமா? 4கே ப்ளூரே ப்ளேயர். அப்பாவுக்கு நல்லதா இருக்கணும்னு ஒரு வாரம் ராத்திரி டூட்டி இடைவேளையில எல்லாம் படிச்சு, வீடியோ பார்த்து, விலை அதிகமா இருக்கறதா பார்த்து எடுத்தேன். இப்போ யோசிச்சா, அந்த ராத்திரிக்கு நான் போட்ட அபராதம் அது.

பெட்டியைப் பிரிச்சு, மாட்டி, அப்பா எடுத்துக் கொடுத்த முதல் டிஸ்க்கைப் போட்டேன். "இந்த டிஸ்க்கை இயக்க முடியாது"ன்னு திரையில வந்தது. அது விசிடி.

16/
சரி, பாடத்துக்கு வருவோம். டிஸ்க்கு எல்லாம் பார்க்க ஒரே வட்டம்தான். உள்ள வேற வேற.

விசிடி: சிடி அளவு கொள்ளளவு, 352x288 புள்ளி படம், ஒரு டிஸ்க்குல சுமார் 74 நிமிஷம். அதனாலதான் ஒரு தமிழ்ப் படம் ரெண்டு மூணு டிஸ்க்கா வந்தது.
டிவிடி: 4.7 அல்லது 8.5 ஜிபி, 720x576 வரை.
ப்ளூரே: 25 அல்லது 50 ஜிபி, 1920x1080.
4கே ப்ளூரே: 100 ஜிபி வரை, 3840x2160.

17/
படிக்கிற லேசரும் வேற. சிடி, விசிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, ப்ளூரேக்கு 405. அலைநீளம் குறையக் குறைய சின்ன எழுத்தைப் படிக்கலாம். மொத்தப் பேனாவுக்குப் பதிலா ஊசி முனைப் பேனா மாதிரி.

நான் வாங்கின ப்ளேயர்ல சிடி லேசரும் இருந்தது, பாட்டு சிடி நல்லா பாடிச்சு. ஆனா விசிடியைப் பிரிச்சுக் காட்டற மென்பொருளை அதுல வைக்கல. விலை அதிகம்னா பழசு எல்லாம் ஓடும்னு அர்த்தம் இல்ல. கையேட்டுல "இயங்கும் டிஸ்க் வகைகள்"னு ஒரு பக்கம் இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி அதை மட்டுமாவது படிங்க.

18/
ஆக முதல் கேள்வி: எந்த ப்ளேயர் நல்லதுன்னு கேக்காதீங்க. உங்க வீட்டுல என்ன டிஸ்க் இருக்குன்னு எண்ணுங்க. நோயாளியைப் பார்க்காம மருந்து எழுதற மாதிரிதான் நான் பண்ணேன். எங்க வீட்டு நானூறுல பாதிக்கு மேல விசிடி, மீதி டிவிடி. ப்ளூரே? ஒண்ணு கூட இல்ல.

19/
ரெண்டாவது: மண்டலம். டிவிடிக்கு உலகத்தை எண் போட்டுப் பிரிச்சு வச்சாங்க, இந்தியா 5. ப்ளூரேக்கு ஏ, பி, சி. அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. சிங்கப்பூர்ல இருக்கிற மாமா, லண்டன்ல இருக்கிற அக்கா அனுப்பற டிஸ்க் இங்க ஓடாம போறதுக்கு இதுதான் காரணமா இருக்கும். 4கே டிஸ்க்குக்கு மட்டும் இந்தப் பிரிவினை கிடையாது.

அதே மாதிரி வெளிநாட்டுல இருந்து ப்ளேயர் கொண்டு வந்தா பின்னாடி ஸ்டிக்கரைப் பாருங்க. 100-240 வோல்ட்னு இருந்தா நல்லது. வெறும் 110, 120-னு இருந்தா நம்ம ப்ளக்ல சொருகாதீங்க. புகைதான் வரும்.

20/
மூணாவது: டிவியில என்ன ஓட்டை இருக்கு? மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூணு பின் பழைய ப்ளேயர். புது டிவி பலதுல அந்த மூணு ஓட்டை இல்ல, எச்டிஎம்ஐ மட்டும்தான். எச்டிஎம்ஐ உள்ள டிவிடி ப்ளேயரும் கிடைக்குது. அது டிவிடி படத்தைப் புது டிவிக்கு ஏத்த மாதிரி பெரிசாக்கித் தரும்.

ஆனா ஒண்ணு. பெரிசாக்கறதுன்னா இல்லாததை உண்டாக்கறது இல்ல. மங்கலான எக்ஸ்ரேயை ஜெராக்ஸ்ல பெரிசு பண்ணா எலும்பு முறிவு தெரியுமா? அதே கதைதான். 1964-ல வந்த 'கர்ணன்' படத்தைச் சீரமைச்சு 2012-ல தியேட்டர்ல விட்டாங்களே, அது வேற வேலை. மூலப் பிலிம்ல இருந்து செய்யறது. ப்ளேயர் அதைச் செய்யாது.

21/
நாலாவது, யாரும் சொல்லாதது: பார்க்கப் போறது யாரு? அவங்க கை எப்படி, காது எப்படி, கண் எப்படி?

எங்க அப்பாவுக்கு வலது கை வராது. அதனால நான் பார்த்தது: தட்டு வெளிய வந்து நிக்கிற மாதிரி இருக்கணும், ஒரு கையால டிஸ்க்கை வச்சா குழியில தானா உட்காரணும். ப்ளேயர் முகப்புலேயே ஓடு, நிறுத்து, திற பொத்தான் இருக்கணும். விலை உயர்ந்த ப்ளேயர்கள் பலதுல அழகுக்காகப் பொத்தானைக் குறைச்சு எல்லாத்தையும் ரிமோட்ல தள்ளிட்டாங்க. எங்க வீட்டுக்கு அது ஆகாது.

22/
விட்ட இடத்துல இருந்து தொடர்ற வசதி இருக்கான்னும் பாருங்க. அப்பா முக்கால் மணி நேரத்துல தூங்கிடுவார். எழுந்ததும் மறுபடி டைட்டில்ல இருந்து ஆரம்பிச்சா, பேச முடியாத மனுஷனுக்குக் கோபம் எப்படி வரும்னு எனக்குத் தெரியும். ரிமோட் பறந்தது ஒரு நாள்.

23/
காது. அம்மாவுக்கு வயசான காது. வயசுல முதல்ல குறையறது உச்ச ஸ்தாயி. ச, த, க மாதிரி மெய்யெழுத்து காதுல விழாது. சத்தம் கேக்கும், வார்த்தை புரியாது. அதனால வால்யூமை ஏத்துவாங்க, உடனே சண்டைக் காட்சி வந்து வீடே அதிரும். பல ப்ளேயர் மெனுவில இதுக்கு ஒரு வழி இருக்கு: டிஆர்சி அல்லது "இரவு" முறை. பெரிய சத்தத்தைக் குறைச்சு, சின்ன சத்தத்தை ஏத்தும். 5.1 ஸ்பீக்கர் வச்சிருக்கவங்க நடு ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் ஏத்துங்க, வசனம் பெரும்பாலும் அதுலதான் வரும். ரெண்டுக்கும் காசு செலவில்ல.

24/
டாக்டரா ஒரு வரி: 80 டெசிபல் சத்தம்னா வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமா குறையும். வீட்டை தியேட்டர் ஆக்கலாம், தப்பில்ல. ஒரு மீட்டர் தள்ளி உக்காந்திருக்கிறவர்கிட்ட கத்திப் பேச வேண்டி வந்தா சத்தம் அதிகம்னு அர்த்தம்.

25/
"அப்போ 4கே ப்ளேயரே வேணாமா டாக்டர்?" அப்படிச் சொல்ல மாட்டேன். ப்ளூரே, 4கே டிஸ்க் வாங்கிச் சேர்க்கற ஆளா இருந்தா அதுதான் சரி. ஸ்ட்ரீமிங்ல 4கே பார்க்க 15 எம்பிபிஎஸ் அளவு வேகம் கேக்கறாங்க. 4கே டிஸ்க் 128 எம்பிபிஎஸ் வரை கொடுக்கும். இருட்டுக் காட்சியில கட்டம் கட்டமா தெரியாது. மழை பெய்ஞ்சா நின்னு சுத்தாது. மலை அடிவாரத்துல இருக்கிறவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

ஆனா கடை சுருங்கிட்டே வருது. ஓப்போ 2018-ல நிறுத்திடுச்சு. சாம்சங் 2019-ல, எல்ஜி 2024-ல விலகின செய்தி வந்தது. பெரிய கம்பெனியில மிச்சம்னு பார்த்தா சோனியும் பானாசோனிக்கும்தான். வாங்கணும்னா உத்தரவாதம், சர்வீஸ் ரெண்டும் விசாரிச்சு வாங்குங்க.

26/
நான் கடைசியில என்ன பண்ணேன்? விசிடி, டிவிடி ரெண்டும் ஓடுற, எச்டிஎம்ஐ உள்ள, முன்னாடி பொத்தான் உள்ள ஒரு சாதாரண டிவிடி ப்ளேயர். மூவாயிரம் கூட ஆகல. கடைக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன், வீட்டு டிஸ்க் மூணு கையில எடுத்துக்கிட்டு. ஒண்ணு நல்ல விசிடி, ஒண்ணு கீறல் விழுந்த விசிடி, ஒண்ணு டிவிடி. கடைக்காரர் ஓட்டிக் காட்டினார். அப்பா தானே தட்டைத் திறந்து, வச்சு, மூடினார். பொத்தானைத் தடவிப் பார்த்தார். "ஆமா"ன்னார். முப்பது வருஷம் இந்தத் தொழில்ல இருந்தவரை நான் முதல் தடவையே கேட்டிருக்கணும்.

27/
இப்போ அந்த இன்னொரு டிஸ்க் பத்தி.

2005-ல எங்க அக்கா கல்யாணம். ஸ்டுடியோக்காரர் ரெண்டு விசிடியா போட்டுக் கொடுத்தார். அதுல அப்பா மண்டப வாசல்ல நின்னு எல்லாரையும் கூப்பிடுவார். "வாங்க வாங்க, சாப்ட்டுத்தான் போகணும்"னு. அவர் குரல் எங்ககிட்ட இருக்கிற ஒரே இடம் அதுதான். ஃபோன்ல யாரும் பதிவு பண்ணி வைக்கல. தினம் பேசற மனுஷன் குரலை யாரு பதிவு பண்ணுவாங்க?

28/
அம்மா அந்த டிஸ்க்கை அலமாரிக்குக் கீழ, புடவைப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாங்க. "அவருக்குக் கஷ்டமா இருக்கும்டா"ன்னு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டது. புது ப்ளேயர் வந்த மூணாவது வாரம், ஒரு ஞாயித்துக்கிழமை, அப்பா அந்தப் பெட்டியைத் திறந்து எடுத்துட்டார். அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. என்கிட்ட நீட்டினார்.

நான் தயங்கினேன். "வேணாம்ப்பா, வேற பார்க்கலாம்"னேன். கையை இறக்கல. "ஆமா"ன்னார். இந்த ஆமா எந்த ஆமான்னு எனக்குத் தெரிஞ்சது.

29/
போட்டேன். வாசல் காட்சி வந்தது. அப்பா குரல் வந்தது. அம்மா சமையலறைக்குப் போயிட்டாங்க. அப்பா கண்ணைத் திரையை விட்டு எடுக்கல. முடிஞ்சதும் இடது கையால ரிமோட்டை எடுத்து, பின்னாடி ஓட்டி, மறுபடியும் பார்த்தார். நாலு தடவை. அழல. உதடு மட்டும் கூடவே அசைஞ்சது.

சினிமா மாதிரி அவர் பேசிடல. அப்படி எதிர்பார்த்து யாரும் இதைச் செய்யாதீங்க. பேச்சு வர உதவறது தொடர்ந்த பேச்சுப் பயிற்சிதான். பாட்டு ஓடும்போது மட்டும் சில நேரம் மெட்டோட சேர்ந்து ரெண்டு வார்த்தை வருது. பாட்டுக்கு மூளையோட வலது பக்கமும் உதவறதால பல அஃபேசியா நோயாளிகளுக்கு இப்படி நடக்கும். அதிசயம் எதுவும் இல்ல. ஆனா வீட்டுல நாங்க அதுக்காகக் காத்திருக்கோம்.

30/
ரெண்டாவது டிஸ்க்? படிக்கவே இல்ல. மூணு கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன். அக்கா கழுத்துல தாலி ஏறுற காட்சி அதுலதான் இருந்தது. அக்காகிட்ட ஃபோன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "அப்பா குரல் முதல் டிஸ்க்குலதானே? அது போதும்"னு சொல்லி வச்சிட்டா.

31/
அதனால மக்களே, இன்னிக்கே செய்ய வேண்டியது. ஸ்டுடியோ போட்டுக் கொடுத்த டிஸ்க், கடையில விக்கிற டிஸ்க் மாதிரி அச்சு வார்த்தது இல்ல. சாயத்துல லேசரால சுட்டு எழுதினது. சாயம் வெயில்லயும் ஈரத்துலயும் கெடும்.

கம்ப்யூட்டர்ல விசிடியைப் போட்டா 'எம்பெக்ஏவி'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ள 'டேட்'னு முடியற பெரிய ஃபைல்தான் உங்க கல்யாணம். அதைக் காப்பி பண்ணி விஎல்சி ப்ளேயர்ல ஓட்டிப் பாருங்க. ரெண்டு இடத்துல வைங்க. ஒண்ணு உங்க வீட்டுல, ஒண்ணு வேற வீட்டுல.

32/
டிஸ்க் துடைக்கிற முறை: நடுவுல இருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டுல, மெத்துனு துணியால. வட்டமா துடைக்காதீங்க. வட்டக் கீறல் தொடர்ச்சியா தகவலை அழிக்கும், குறுக்குக் கீறலை ப்ளேயர் சமாளிச்சிடும்.

இன்னொண்ணு, சிடி, விசிடிக்குப் பளபளன்னு இருக்கிற பக்கத்தை விட எழுதி இருக்கிற பக்கம்தான் மென்மையான இடம். தகவல் அடுக்கு அந்த மேல்பூச்சுக்கு அடியிலேயே இருக்கு. பால்பாயிண்ட் பேனாவால பேர் எழுதாதீங்க. டிவிடியில அது நடுவுல பத்திரமா இருக்கும்.

33/
இப்போ நான் சொல்ல வந்த உடம்பு விஷயம். தயவுசெஞ்சு இதை வீட்டுல சத்தமா படிச்சுக் காட்டுங்க.

முகம் ஒரு பக்கம் கோணுதா?
கையைத் தூக்கச் சொன்னா ஒரு கை இறங்குதா?
பேச்சு குழறுதா, சம்பந்தமில்லாம வருதா?
திடீர்னு நடை தள்ளாடுதா, பார்வை போகுதா?

ஒண்ணு இருந்தாலும் மணியைப் பாருங்க, 108-க்கு ஃபோன் பண்ணுங்க. தூங்கினா சரியாகும்னு படுக்க வைக்காதீங்க. வாயில தண்ணி, மாத்திரை எதுவும் கொடுக்காதீங்க. கடைசியா எப்போ நல்லா இருந்தாங்கன்னு சரியா சொல்லுங்க, எங்களுக்கு அதுதான் முதல் தகவல்.

34/
கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். ஸ்கேன் எடுத்த பிறகுதான் போட முடியும், அதனால கிளம்பறதே உடனே கிளம்பணும். ரத்தம் போகாம ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல் சாகும்னு கணக்கு. நம்ம மாதிரி மலை அடிவாரத்துல இருக்கிறவங்களுக்குப் பாதி நேரம் ரோட்டுலயே போயிடும்.

மகன் டூட்டியில இருக்கான், மருமகள் தூங்கறா, விடிஞ்சா பார்த்துக்கலாம். இதெல்லாம் அன்புதான். அந்த அன்பு எங்க வீட்டுல ஒரு குரலை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. தொந்தரவு பண்ணுங்க. எங்களைத் தொந்தரவு பண்ணுங்க. அதுக்குத்தான் இருக்கோம்.

35/
அம்மாவை நான் ஒரு நாளும் அதைப் பத்திக் கேட்டதில்ல. அவங்களும் சொன்னதில்ல. ஆனா இப்போ ஃபோன் எப்பவும் அவங்க இடுப்புல இருக்கு. போன வாரம் ராத்திரி டூட்டியில ரெண்டு மணிக்கு அழைப்பு. ஓடிப் போய் எடுத்தேன். "இன்னாம்மா?" "ஒண்ணுமில்லடா, உங்கப்பா இருமறாரு, சும்மா இருமல்தான். சொல்லணும்னு தோணுச்சு."

சந்தோஷமா இருந்தது.

36/
அந்த 22,000 ரூபாய் ப்ளேயர்? நண்பன் ஒருத்தன் எடுத்துக்கிட்டான். அவன்கிட்ட ப்ளூரே அலமாரியே இருக்கு. சரியான நோயாளிகிட்ட சரியான மருந்து போய்ச் சேர்ந்தது.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அப்பா அலமாரி முன்னாடி நின்னுட்டு இருக்கார். சிவாஜி தட்டுல கை போகுது. எடுத்துட்டார். இதோ இந்தப் பக்கம் வர்றார். மீதியை அப்புறம் பேசலாம்.

உங்க வீட்டு அலமாரியில என்ன டிஸ்க் இருக்குன்னு கீழ சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, அப்பா அம்மா பேசறதை ஃபோன்ல ஒரு நிமிஷம் பதிவு பண்ணிட்டு வாங்க.